கும்மிடிப்பூண்டி ஏரியில் டார்வினின் வாத்துகள்

போன பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நான் ஒரு தப்பு பண்ணினேன். அதைத் திருத்தப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி மாதர்பாக்கம் போகிற பக்கத்தில் ஒரு சின்ன ஏரி. ஒரு கரையில் கிடங்கின் காம்பவுண்டு சுவர், மறுகரையில் நெல் வயல். காலை ஆறே முக்கால், நல்ல பனி. வழக்கமான நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாம் எண்ணி முடித்துவிட்டுக் கிளம்பும்போது, நாணல் ஓரத்தில் பெரிசு பெரிசாய் பதினொரு பறவைகள். சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, ஆரஞ்சு அலகு, நீளக் கழுத்து. வாத்தைவிட ரொம்பப் பெரிசு. மங்கலாய் நாலு படம் எடுத்தேன். செயலியில் ‘கிரேலாக் கூஸ் – 11’ என்று போட்டுவிட்டு, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி டீ குடிக்கப் போனேன்.

கிரேலாக் குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு நிறைய வரும். இங்கே தெற்கில் பார்ப்பது அபூர்வம். அதனால்தான் அவ்வளவு குஷி.

இரண்டு நாளில், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து தன்மையான ஒரு கடிதம். “மூன்றாவது படத்தில் அலகு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். வளர்ப்பு வாத்தாக இருக்குமோ?” பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியும் அலகும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். கோட் ரிவ்யூவில் இப்படி மாட்டுவது பழக்கம்தான். ஆனாலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனேன். கிடங்குக் காவலாளி கேட்டருகே உட்கார்ந்திருந்தார். ஒடிசாக்காரர், இங்கே வந்து ஆறு வருஷம். தமிழ் நன்றாகவே பேசுகிறார்.

“அது பறந்து வந்தது இல்ல சார். ஓனர் வண்டியில ஏத்திட்டு வந்தது. சூலூர்பேட்டை பக்கம் ஒரு பண்ணையில வாங்கினாங்க. இது இருந்தா பாம்பு வராதுன்னு சொன்னாங்க.”

“எல்லாமே வாங்கினதாண்ணே?”

“ஒன்பது வாங்கினது. ரெண்டு இங்கயே பொறந்தது. முட்டை நிறைய போடும், நாய் தின்னுடும். மூணு வருஷத்துல ரெண்டே குஞ்சுதான் தப்பிச்சது.”

நான் காட்டு வாத்து என்று நினைத்துவிட்டேன் என்றதும் சிரித்தார். “எங்க ஊர் சிலிகா ஏரிக்குப் பக்கம் சார். அங்க குளிர்ல காட்டு வாத்து வரும். தலையில ரெண்டு கறுப்புக் கோடு இருக்கும். அது பறக்கும். இது பறக்காது.”

நான் இரண்டு புத்தகம், ஒரு செயலி, பைனாகுலர் எல்லாம் வைத்துக்கொண்டு கோட்டைவிட்டதை அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் உருவத்தை மட்டும் பார்க்கவில்லை. அது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதையும் கூடவே சொன்னார். வாத்து விஷயத்தில் அடையாளம் காண்பது என்றால் பாதி இதுதான் என்று பிறகு படித்தபோது புரிந்தது.

இரண்டு மூதாதைகள்

முதலில் பெயர்ச் சிக்கல். ஆங்கிலத்தில் டக், கூஸ் என்று இரண்டு சொல். நமக்கு இரண்டும் வாத்துதான். பண்ணைக்காரர்கள் வேறுபடுத்திக் காட்ட ‘கூஸ் வாத்து’ என்கிறார்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

உலகத்தில் வீட்டில் வளர்க்கும் கூஸ் வாத்துகள் பெரும்பாலும் இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. ஐரோப்பிய வகைகளுக்கு மூதாதை கிரேலாக். சீன வகைகளுக்கு மூதாதை ஸ்வான் கூஸ். மங்கோலியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூர கிழக்கு அதன் தாயகம். சீன வளர்ப்பு வாத்துக்கு நெற்றியில் பெரிய கொம்பு மாதிரி ஒரு புடைப்பு உண்டு. ஐரோப்பிய வகைக்கு அது கிடையாது.

நான் பார்த்தவற்றில் இருந்தது நடுத்தரம்: சின்னப் புடைப்பு, ஆரஞ்சு அலகின் அடியில் கறுப்புத் திட்டு, பின்கழுத்தில் மங்கலாக ஒரு பழுப்புப் பட்டை. இரண்டு வகையும் கலந்த கலப்பு. செயலியில் இதற்கென்று தனிப் பெட்டியே இருக்கிறது: ‘வளர்ப்பு கிரேலாக் × வளர்ப்பு ஸ்வான் கூஸ், கலப்பினம்’. பதிவை அப்படி மாற்றினேன். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இந்தக் கலப்பைப் பற்றி எங்கேயோ படித்த ஞாபகம் உறுத்திக்கொண்டே இருந்தது. தேடினால் அது டார்வின்!

1859-இல் இந்திய வாத்துகள்

‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் கலப்பினங்களுக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. அந்தக் காலத்தில் பலருடைய நம்பிக்கை இது: இரண்டு தனி இனங்கள் கூடினால் பிறக்கும் குட்டி மலடாகத்தான் இருக்கும், கோவேறு கழுதை மாதிரி. இனங்களுக்கு நடுவே இயற்கை போட்டுவைத்த வேலி அது. இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டினார்கள். அந்த வேலி அவ்வளவு உறுதியானது இல்லை என்று டார்வினுக்குக் காட்டவேண்டியிருந்தது.

அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று நம்ம வாத்து. சாதாரண ஐரோப்பிய வாத்தும் சீன வாத்தும் உருவத்தில் ரொம்ப வேறானவை. ஆனால் ஈட்டன் என்ற இயற்கையியலாளர் இந்த இரண்டின் கலப்புக் குஞ்சுகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்து, ஒரே கூட்டில் எட்டுக் குஞ்சுகள் எடுத்திருந்தார். அடுத்து டார்வின் இந்தியாவுக்கு வருகிறார். பிளித், கேப்டன் ஹட்டன் என்ற இருவர் அவருக்குச் சொன்ன தகவல்: இந்தியாவின் பல பகுதிகளில் இந்தக் கலப்பு வாத்துகளை மந்தை மந்தையாக வளர்க்கிறார்கள். லாபத்துக்கு வளர்க்கிறார்கள், அதுவும் தூய மூதாதை இனம் இரண்டுமே இல்லாத இடங்களில். அப்படியென்றால் அவை நன்றாகவே இனம்பெருக்குகின்றன என்பது அவருடைய வாதம்.

எட்வர்ட் பிளித் 1841 முதல் கல்கத்தாவில் ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். டார்வினுக்கு இந்தியாவிலிருந்து கடிதம் கடிதமாக எழுதித் தள்ளியவர். அவருடைய சம்பளமும் வசதியும் ரொம்பக் குறைவு. ஆனால் பரிணாமக் கொள்கையின் அஸ்திவாரத்தில் அவர் அனுப்பிய செங்கற்கள் நிறைய இருக்கின்றன. அதில் ஒரு செங்கல், யாரோ ஓர் இந்திய விவசாயி வளர்த்த கலப்பு வாத்து.

டார்வின் இதை விடவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, குடேக்கர் என்ற பாதிரியாரிடமிருந்து கலப்பு வாத்து ஜோடி ஒன்றை வாங்கி, தன் வீட்டிலேயே வளர்த்துப் பார்த்தார். குஞ்சு பொரித்தன. 1880 ஜனவரி முதல் தேதி ‘நேச்சர்’ இதழில் அதைச் சின்னக் குறிப்பாக எழுதினார்.

ஆக, கும்மிடிப்பூண்டிக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் பாம்புக்குக் காவல் இருக்கும் அந்தப் பதினொன்றும், 1859-இலேயே அறிவியல் நூலில் ஏறிய ஒரு கூட்டத்தின் வகையறா. இந்திய மண்ணில் இந்தக் கலப்புக்கு 160 வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அவ்வளவு காலம் இருந்தும் இவை நம்ம ஏரிகளில் காட்டுப் பறவையாக மாறவில்லை. ஏன் என்று கேட்டால் என் ஊகம் காவலாளி சொன்னதுதான். கனத்த உடம்பு, பறக்க முடியாது. முட்டை தரையில். நம்ம ஊரில் நாய்க்குக் குறைச்சல் இல்லை. நாய் விட்டால் மனிதன்.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரிப் போனது.

பூங்காவிலிருந்து காட்டுக்கு

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் அரசருடைய நீர்ப்பறவைத் தொகுப்புக்குக் கனடா வாத்துகளைக் கொண்டுவந்தார்கள். பிரபுக்கள் தங்கள் மாளிகைக் குளங்களிலும் விட்டார்கள். எகிப்திய வாத்தும் ஏறக்குறைய அதே காலத்தில் அழகுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். தலைமுறைகள் போயின. வேலி தாண்டின, ஏரிகளில் கூடு கட்டின. இன்று கனடா வாத்து இல்லாத பிரிட்டிஷ் குளத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

பறவைப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ‘பிரிட்டனின் பறவைகள்’ என்று எழுதினால் இவற்றைச் சேர்ப்பதா, வேண்டாமா? 1971-இல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் தன் பட்டியலில் எழுத்து வகைகள் கொண்டுவந்தது. தானாக வந்தவை ‘ஏ’ வகை. மனிதன் கொண்டுவந்து விட்டு, பிறகு யார் உதவியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகி நிற்பவை ‘சி’ வகை. பின்னால் வந்த ‘ஈ’ வகை, கூண்டிலிருந்து தப்பியவை. எகிப்திய வாத்து அதே 1971-இல் பட்டியலில் ஏறியது. முந்நூறு வருஷம் அந்த நாட்டிலேயே வாழ்ந்த பறவைக்கு அப்போதுதான் ரேஷன் கார்டு கிடைத்தது!

கார்டு கிடைத்ததோடு நிற்கவில்லை. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் எகிப்திய வாத்தை ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ளதை விற்கக்கூடாது, இனம்பெருக்கக்கூடாது, வெளியே விடக்கூடாது.

நம்ம செயலியும் இதையே சின்ன மாற்றத்தோடு செய்கிறது. அயல் பறவைகளுக்கு மூன்று பெட்டி: நிலைபெற்றவை, இன்னும் முடிவாகாதவை, தப்பியவை. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மனிதன் கையை எடுத்துவிட்டால் இந்தக் கூட்டம் தானாக நிற்குமா?

நம்ம விருந்தாளி, அங்கே அயலான்

இனி காவலாளி சொன்ன அந்தக் கோடு போட்ட வாத்துக்கு வருவோம். வரித்தலை வாத்து. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. 1790-இல் லேதம் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘இண்டிகஸ்’, அதாவது இந்தியாவைச் சேர்ந்தது, என்று சேர்த்தார். ஆனால் இது முட்டையிடுவது திபெத், மங்கோலியப் பக்கத்து ஏரிகளில். இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் மட்டும் வரும். திருநெல்வேலி கூந்தன்குளத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பறவை. நமக்குப் பக்கத்தில் பழவேற்காடு ஏரியிலும் பதிவாகியிருக்கிறது. சிலிகாவிலும் கூந்தன்குளத்திலும் சில பறவைகளுக்கு டிரான்ஸ்மிட்டர் மாட்டி, இமயத்தை அவை கடக்கும் வழியைப் பதிவு செய்திருக்கிறார்கள். அளந்ததில் அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர்.

இந்தப் பறவையையும் ஐரோப்பியர்கள் அழகுக்கு வாங்கி வளர்த்தார்கள். அங்கேயும் வேலி தாண்டியது. இன்று நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் சின்னக் கூட்டங்களாகக் காட்டில் கூடு கட்டுகிறது. அங்கே வரித்தலை வாத்து ஓர் அயல் இனம்.

பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அந்தக் கோட்டைக்கும் இந்த வாத்துக்கும் சம்பந்தம் கிடையாது; முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஆனால் பழவேற்காட்டுக் கரையில் நின்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அதே பறவை, அதே இரண்டு கோடு. இங்கே பார்த்தால் இமயம் தாண்டி வந்த விருந்தாளி. ஆம்ஸ்டர்டாம் பக்கம் பார்த்தால் யாருடைய தோட்டத்திலிருந்தோ தப்பி வந்ததன் பேரப்பிள்ளை. படத்தை மட்டும் வைத்து எந்த மென்பொருளாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இடமும் வரலாறும் தெரியவேண்டும்.

இதில் ‘அன்னம்’ வேறு நடுவில் வருகிறது. கிடங்கு முதலாளியின் மகள் தன்னுடைய வாத்துகளை அன்னப்பறவை என்றுதான் சொல்லுமாம். காலண்டர் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு வெள்ளையாய் நீளக் கழுத்தோடு எது நீந்தினாலும் அன்னம்தான். ஆங்கில மொழிபெயர்ப்புகளும் ஹம்சத்தை ‘ஸ்வான்’ ஆக்கிவிட்டன. ஆனால் ஸ்வான் இந்தியாவுக்கு, அதுவும் வடமேற்கு மூலைக்கு, எப்போதாவது வழி தவறி வரும் பறவை. டச்சு அறிஞர் வோகல் இந்திய இலக்கியத்திலும் சிற்பத்திலும் வரும் ஹம்சத்தைப் பற்றி ஒரு நூலே எழுதி, அது கூஸ் வாத்துதான் என்று வாதாடினார். மழைக்காலத்தில் இமயம் தாண்டி மானசரோவருக்குப் போகும் பறவை என்ற பழைய வர்ணனைக்கு வரித்தலை வாத்து அழகாகப் பொருந்துகிறது. எனக்கு அவர் கட்சிதான் சரி என்று படுகிறது. ஆனால் பண்ணையில் இருக்கும் பறவை அன்னம் என்று பெயர் வாங்கிவிட்டது. வருஷா வருஷம் பறந்து வருவதை நமக்கு அடையாளமே தெரிவதில்லை.

இறகில் எழுதிய முகவரி

“எல்லாம் சரி, எந்த வாத்தாக இருந்தால் என்ன?” என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் நியூயார்க்கில் கிடைத்தது.

2009 ஜனவரி 15. லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய யு.எஸ். ஏர்வேஸ் 1549, கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு இன்ஜினும் நின்று, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். இன்ஜினில் கிடந்த இறகுத் துணுக்குகள் ஸ்மித்சோனியன் ஆய்வகத்துக்குப் போயின. கனடா வாத்து என்று உறுதியானது. ஆனால் எந்தக் கனடா வாத்து? நியூயார்க் பூங்காக்களிலேயே வருஷம் முழுக்கத் தங்கிவிட்ட கூட்டமா, வடக்கே கனடாவிலிருந்து வலசை வந்த கூட்டமா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

விடை இறகுக்குள் இருந்தது. மழைநீரில் கனமான ஹைட்ரஜன் கொஞ்சம் கலந்திருக்கும். வடக்கே போகப் போக அதன் அளவு குறையும். அந்த நீரில் வளர்ந்த புல்லை மேய்ந்து வாத்து கோடையில் புது இறகு முளைக்கும்போது, அந்த இடத்தின் அளவு இறகில் பதிந்துவிடும். இறகு செத்த பொருள், பிறகு மாறாது. அளந்து பார்த்தால், மோதியவை லாப்ரடார் பக்கத்து வலசைக் கூட்டத்தோடு ஒத்துப்போயின.

அதே கோடையில் நியூயார்க் விமான நிலையங்களைச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். உள்ளூர்க் கூட்டமும் விமானத்துக்கு ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பூங்காவைக் காலி செய்தால் வலசைக் கூட்டம் நிற்காது. அதற்கு ரேடார், பருவம் பார்த்து எச்சரிக்கை என்று வேறு வழி வேண்டும். யார் என்று தெரியாமல் போட்ட தீர்வு, பாதிப் பிரச்சினையைத்தான் தொடும்.

நமக்கும் இது பொருந்தும். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் செத்தன. அதில் அதிகம் வரித்தலை வாத்துகள். அதே இனம்தான் நம் ஏரிகளுக்கும் வருகிறது. வலசைப் பறவையும் பண்ணை வாத்தும் ஒரே தண்ணீரில் சேரும் இடம் எது என்று நோய் கண்காணிப்பவர்களுக்குத் தெரியவேண்டும். அந்தத் தகவலில் என்னுடைய ‘கிரேலாக் – 11’ மாதிரி குப்பை விழுந்தால், நாளைக்கு யாரோ அதை நம்பி ஒரு வரைபடம் போடுவார்கள்.

அலகைப் பாருங்கள்

எனக்காக எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு இது. உங்களுக்கும் உதவலாம்.

தலை வெள்ளை, பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை என்றால் வரித்தலை வாத்து. குழப்பமே இல்லை. கூட்டமாக, பறக்கிற நிலையில், குளிர்காலத்தில் இருந்தால் வலசை வந்தது.

உடம்பு சாம்பல்பழுப்பு என்றால் அலகுக்குப் போங்கள். இந்தியாவுக்கு வரும் காட்டு கிரேலாக்குக்கு இளஞ்சிவப்பு அலகு. ஐரோப்பிய வளர்ப்புக்குப் பெரும்பாலும் ஆரஞ்சு. நான் முதல் நாளே இதைக் கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

அலகின் அடியில் புடைப்பு இருந்தால், சின்னதோ பெரிசோ, சீன வளர்ப்பு ரத்தம் உண்டு. காட்டு ஸ்வான் கூஸுக்கு அந்தக் கொம்பு கிடையாது.

பின்பக்கம் தரையில் உரசுகிற மாதிரித் தொங்கினால், உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இருந்தால், ஆளைப் பார்த்ததும் தீனிக்கு ஓடி வந்தால், வளர்ப்பு.

முகத்தில் சிவப்புச் சதை இருந்தால் அது கூஸே இல்லை, மணிலா வாத்து. மணிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது.

கடைசியாக, பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். நான் கேட்டிருக்கவேண்டியது அதைத்தான்.

அயல் இனங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘வந்தேறி’ என்ற சொல்லைச் சிலர் போடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. வருஷா வருஷம் உண்மையிலேயே வந்து ஏறுவது வரித்தலை வாத்து. அதை நாம் விருந்தாளி என்கிறோம். பண்ணை வாத்து எங்கிருந்தும் வரவில்லை. கூடையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ‘கொண்டுவரப்பட்டது’ என்பது நீளமாக இருந்தாலும், யார் செய்த வேலை என்பதைச் சொல்லிவிடுகிறது.

போன வாரம் மறுபடி அந்தப் பக்கம் போயிருந்தேன். காவலாளி நாணல் ஓரத்தில் ஒரு கூட்டைக் காட்டினார். சுற்றிலும் பழைய இரும்புக் கம்பி வலை கட்டியிருக்கிறார், நாய்க்காக. உள்ளே ஆறு முட்டை. அடைகாப்பது இங்கேயே பிறந்த இரண்டில் ஒன்று என்றார்.

செயலியில் ‘வளர்ப்பு கலப்பினம் – 11’ என்று போட்டேன். குறிப்புப் பகுதியில், “இவற்றில் 2 கும்மிடிப்பூண்டியில் பிறந்தவை. ஒன்று அடைகாக்கிறது. வலை கட்டப்பட்டுள்ளது” என்று சேர்த்தேன். வலை இருக்கும்வரை இது காட்டுப் பறவை கணக்கில் வராது. அது சரிதான்.